எண்ணூற்றைம்பது ரூபாய்

பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டியதில்
எண்ணூற்றைம்பது பாக்கி.
திசையன்விளைக் கோயில்பிச்சை கையைப் பிசைந்தார்.
பிறகு உரச்சாக்குக்குள்ளிருந்து உருவி
மேசைமேல் வைத்தார்
ஒரு மின்சார மேண்டலினை.
"கணக்கத் தீத்துக்கிடுங்க தாயி."

கல்யாணக் கச்சேரிகளுக்கு ஊர் ஊராகப் போய் வந்ததாம்.
எட்டுக் கம்பியில் ஆறுதான் மிச்சம்.
குமிழ் இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக
பற்பசை மூடி.
விளிம்பில் கருகி நடுவில் பொன்னாகி
கல்லிலிருந்து இப்போதுதான் எடுத்த
பணியாரத்தின் நிறம்.
கம்பெனிப் பெயரில் முன்னும் பின்னும் உதிர்ந்துபோய்
நடுவில் நின்ற மூன்று எழுத்தை
யாராலும் வாசிக்க முடியவில்லை.

வள்ளியூரில் இருபத்திரண்டு வருசமாகக் காயில் சுற்றுகிறேன்.
மாவுமில், ஐஸ் கம்பெனி, வாழைத்தோட்டத்துப் போர்,
எது புகைந்தாலும் என் மேசைக்கு வரும்.
நாலு திருகைக் கழற்றி
இதையும் திறந்தேன்.
கம்பிகளுக்கு அடியில்
தீப்பெட்டி அளவில் ஒரு காயில்,
அதுவும் செத்துக் கிடந்தது.
சிரிப்பு வந்துவிட்டது.
ஏட்டி, நீயும் நம்ம ஆளுதானா?

பழைய ரிலே ஒன்றைப் பிரித்து
தலைமுடியைவிட மெல்லிய செம்பை எடுத்தேன்.
மூச்சு விட்டால் அறுந்துவிடும்.
எண்ணி எண்ணிச் சுற்றி
நாலாயிரத்து நூற்றுப்பத்தில் இருக்கையில்
வாசலில் வந்து நின்றான் முப்பிடாதி:
"எக்கா, நம்ம பம்பு ரெடியா?"
அதற்குப் பிறகு சுற்றியதெல்லாம்
குத்துமதிப்பு.

சாயங்காலம் மைக்செட் கடைப் பெட்டியில் சொருகினேன்.
ம்ம்ம்ம் என்றது.
கம்பியில் விரல் பட்டதும்
பாதி அடங்கியது.
எர்த் இல்லாத கட்டடத்தில்
என் உடம்புதான் எர்த்.
வேறு யார் தொட்டாலும் இப்படித்தான் அடங்கும்,
தெரியும்.
ஆனாலும் தொட்டது நான்.

அடங்காத மீதிப் பாதிதான் விசேஷம்.
அந்த முனகலை எனக்குக் காலமெல்லாம் பழக்கம்.
ஊரில் எந்த மோட்டாரும்
ஓடத் தொடங்கும் முன் அதைத்தான் முனகும்,
மேற்கே தெருவோர டிரான்ஸ்ஃபார்மரும்.
தடித்த கம்பியின் முறுக்காணியை
ஒரு நெல் அளவு திருப்பினேன்.
இன்னும் அரை நெல்.
பிசிறு அடங்கி இரண்டும் ஒன்றாயின.
எனக்குத் தம்புரா போட
ஈ.பி.க்காரன் ஆளனுப்பியிருக்கிறான்,
ராத்திரி பகலாக,
யூனிட் கணக்கில்.

பாட்டு என்று ஒன்றும் தெரியாது.
மூன்றாம் கட்டையில் ஒரு தட்டு, ஐந்தாம் கட்டையில் ஒரு தட்டு:
கேட்டில் நிற்கும்போது கேட்கிற
நாகர்கோவில் பாசஞ்சர்.
வீட்டுக்காரர் நிஜமாகவே மணியைப் பார்த்தார்.
"இன்னைக்கு என்ன, முன்னாடியே வந்துட்டான்?"
அன்று முதல் வண்டி
நான் நினைக்கிற நேரத்துக்கு வருகிறது,
சில நாள் ஏழு தடவை.

ஆனி மாதக் காற்று நேற்று
எங்கேயோ கம்பத்தைச் சாய்த்தது.
பணகுடிப் பக்கம் காத்தாடிகள்
இறக்கை தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்க
அடிவாரத்து ஊரெல்லாம் இருட்டு.
பெட்டி செத்தது. தம்புரா செத்தது.
விரலை எடுக்க மனமில்லை.
கரண்டில்லாத மேண்டலின்
கொசுவுக்குக் கூடக் கேட்காது.
தாடையை மரத்தின்மேல் வைத்தேன்.
பல்லுக்குள் கேட்டது.
அவ்வளவு கிட்டத்தில்
யாரும் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது.
ம்ம்ம்ம்.
கம்பியைத் தட்டினேன், லேசாகப் பிசிறியது.
அதுவா இறங்கியது, நானா?
புகார் நோட்டில் எழுதவா முடியும்.
அரை நெல் திருப்பினேன்.